காப்பீட்டு முகவராக நான்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

படிக்கிற காலத்திலேயே ஏதேனும் ஒரு வேலை பார்க்கும் மாணவர்கள் நம் கல்லூரியில் குறைவல்லர். விடியற்காலையில் பால் ஊற்றுவோர், செய்தித்தாள் போடுவோர், மாலையில் ஜவுளிக் கடையில் துணி மடித்து வைப்போர், முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாறப் போவோர் எனப் பலர் உண்டு. அவர்கள் தங்கள் வேலையைச் சொன்னால் எவருக்கும் உடனே விளங்கிவிடும். நான் என் வேலையைச் சொன்னால் மட்டும் நண்பர்கள் இரண்டடி பின்வாங்குவார்கள். "மச்சான், எங்கிட்ட மட்டும் பாலிசி கேட்டுடாதடா" என்பதே முதல் மறுமொழி.

ஆம், நான் ஓர் ஆயுள் காப்பீட்டு முகவர். நாடெங்கும் கிளைகள் கொண்ட பெரிய நிறுவனம் ஒன்றில் இணைந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். நிகழ்தகவு வகுப்பு முடிந்த ஒரு நாள் எங்கள் துறை ஆசிரியர் ஒருவர், "ஊரெல்லாம் சுற்றுகிறாயே, அந்த வேலை எப்படித்தான் இருக்கிறது என்று ஆண்டு மலருக்கு எழுதிக் கொடு" என்றார். எனவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிவிட வேண்டும். பெரிய நிறுவனத்தில் வேலை என்றதும் நாற்காலி, மின்விசிறி, மாதச் சம்பளம் என்று எங்கள் தெருவில் எண்ணிக்கொண்டார்கள். என் தாயாரும் அப்படித்தான் எண்ணி, பீடி இலை வெட்டிக்கொண்டே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார். முகவருக்குச் சம்பளம் கிடையாது. நாற்காலியும் கிடையாது. பிடித்துக் கொடுக்கும் பாலிசிக்குத் தரகு உண்டு, அவ்வளவே. பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பயிற்சி முடித்துத் தேர்வில் வெற்றி பெற வேண்டும். ஒரு மணி நேரம், 50 வினாக்கள், 35 விழுக்காடு பெற்றால் போதும், தமிழிலும் எழுதலாம். நம் பருவத் தேர்வுகளோடு ஒப்பிட்டால் அது எளிது. அதற்குப் பிறகு வரும் தேர்வுகள்தாம் கடினமானவை. அவை வீட்டுத் திண்ணைகளில் நடக்கின்றன.

எப்படி வந்தது இந்தக் காப்பீடு?

நம் நாட்டில் ஆயுள் காப்பீட்டின் கதை 1818-இல் கல்கத்தாவில் தொடங்கிய ஓரியண்டல் நிறுவனத்திலிருந்து சொல்லப்படுகிறது. அக்காலத்து நிறுவனங்கள் பெரும்பாலும் ஐரோப்பியர் உயிரையே காப்பீடு செய்தன; இந்தியர்களைச் சேர்த்துக்கொண்டாலும் கூடுதல் பணம் கேட்டன. 1870-இல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் நிறுவனம்தான் இந்தியருக்கும் சம விகிதத்தில் பாலிசி தந்தது. ஓர் உயிரின் மதிப்பு தோலின் நிறத்தைப் பொறுத்து மாறிய காலம் அது.

பிறகு நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் முளைத்தன. சில நன்றாக நடந்தன. சில மக்கள் பணத்தை விழுங்கி மூழ்கின. 1956 ஜனவரி 19 அன்று ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் சி.டி. தேஷ்முக். 154 இந்திய நிறுவனங்கள், 16 வெளிநாட்டு நிறுவனங்கள், 75 சேமநலச் சங்கங்கள், ஆக 245 அமைப்புகளை ஒன்றாக்கி, 5 கோடி ரூபாய் முதலீட்டில், அதே ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் எல்.ஐ.சி. பிறந்தது. சென்னை அண்ணா சாலையில் நிற்கும் 15 மாடிக் கட்டிடம் 1959-இல் திறக்கப்பட்டது. சென்னைக்குப் போய் வந்த நம் தாத்தாக்கள் அண்ணாந்து பார்த்த கட்டிடம் அது. 1999-இல் வந்த சட்டத்தின்பின் தனியார் நிறுவனங்களும் மீண்டும் இத்தொழிலுக்குள் வந்தன. எல்.ஐ.சி.யின் பங்குகளே 2022 மே மாதத்தில் பங்குச் சந்தைக்கு வந்தன. இன்று இருபதுக்கும் மேற்பட்ட ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் நாட்டில் உள்ளன. எல்.ஐ.சி. ஒன்றுக்கே 13 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவர்கள் உண்டு. தெருவுக்கு ஒரு முகவர் இருப்பதில் வியப்பில்லை.

மொய்ப் பணமும் ஹாலியின் அட்டவணையும்

கணித மாணவன் என்ற முறையில் இத்தொழிலின் அடிப்படை என்னைக் கவர்ந்தது. வால் நட்சத்திரத்தால் நமக்கெல்லாம் அறிமுகமான எட்மண்ட் ஹாலி, 1693-இல் பிரெஸ்லாவ் என்ற ஐரோப்பிய நகரத்தின் பிறப்பு இறப்புக் கணக்குகளை வைத்து, எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று ஓர் அட்டவணை வெளியிட்டார். விண்ணில் வால் நட்சத்திரம் திரும்பி வரும் ஆண்டைக் கணித்தவரே, மண்ணில் மனிதன் போகும் கணக்கையும் போட்டார்.

எந்த மனிதன் எப்போது இறப்பான் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஓர் ஊரில் ஓராண்டில் ஏறத்தாழ எத்தனை பேர் இறப்பார்கள் என்று சொல்ல முடியும். கூட்டம் பெரிதாகப் பெரிதாகக் கணக்குப் பிழை சிறிதாகிறது. வகுப்பில் பேரெண் விதி என்று படிக்கிறோமே, அது இதுதான். இந்தியக் காப்பீட்டு நிறுவனங்களுக்கென 2012–14 ஆண்டுகளின் விவரங்களைக் கொண்டு செய்த இறப்பு அட்டவணை உண்டு. அதன்படி 30 வயதுடைய ஆயிரம் பேரில் ஓராண்டில் இறப்பவர் ஏறத்தாழ ஒருவர். 50 வயதில் நான்கு, ஐந்து பேர். 60 வயதில் பதினொருவர்.

இதை எங்கள் தெருவில் எப்படி விளக்குவது? நான் மொய்யைச் சொல்லித்தான் விளக்குகிறேன். ஒரு வீட்டில் நல்லதோ கெட்டதோ நடந்தால் ஊரே ஆளுக்குக் கொஞ்சம் எழுதுகிறது. ஒரு வீட்டின் பாரத்தை நூறு வீடு தாங்குகிறது. மொய் நமக்குத் தெரிந்தவர்களுக்குள் நடக்கிறது. காப்பீடு நாம் முகம் பார்த்தறியாத ஆயிரம் பேருக்குள் நடக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு. இப்படிச் சொன்னதும் பெரியவர்கள் தலையாட்டுவார்கள். "அதெல்லாம் சரிதான் தம்பி, மொய்யின்னா நோட்டுல நானே எழுதி வெச்சிருக்கேன். உன் கம்பெனி நோட்டை யார் பார்க்கிறது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அக்கேள்விக்குத் தேர்வுப் புத்தகத்தில் விடை இல்லை. அந்த நோட்டை மக்கள் சார்பில் பார்த்துக்கொள்வதுதான் முகவரின் வேலை என்று நானாகப் பின்னால் புரிந்துகொண்டேன்.

திண்ணைத் தேர்வுகள்

எங்கள் பகுதியில் கைத்தறி நெசவும் பீடி சுற்றுதலுமே பிழைப்பு. காலை ஆறு மணிக்குத் தறிச் சத்தம் தொடங்கும் முன் ஒரு சுற்று, கல்லூரி விட்டபின் ஒரு சுற்று, ஞாயிறு முழுதும் ஒரு சுற்று என்று போவேன். இருபது வயதுப் பையன் ஐம்பது வயது மனிதரிடம் அவர் சாவைப் பற்றிப் பேச வேண்டும். சாவு என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. "ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா" என்றுதான் சொல்ல வேண்டும். அதையும் வெள்ளிக்கிழமையில் சொல்லக்கூடாது. "வெளக்கு வெக்கிற நேரத்துல என்னடா பேச்சு இது" என்று ஒரு பாட்டி என்னை வாசலிலிருந்தே அனுப்பிவிட்டார். செவ்வாயும் வேண்டாம், அமாவாசையும் வேண்டாம் என்று கழித்துப் பார்த்தால், மரணத்தைப் பற்றிப் பேச மாதத்தில் மிஞ்சுபவை சில நாட்களே!

பேசி முடித்துச் சம்மதம் வாங்கினால் விண்ணப்பப் படிவம். தகப்பனார் எத்தனை வயதில், எந்த நோயில் இறந்தார் என்று அது கேட்கும். பெண்களிடம் இப்போது கருவுற்றிருக்கிறாரா, கடைசிப் பிரசவம் எப்போது என்று கேட்கும். அந்தக் கேள்விகளை நான் படித்துக்காட்டத் தயங்கியபோது, வீட்டிலிருந்த பெரியம்மா ஒருவர் படிவத்தை வாங்கிக்கொண்டு, "நீ தெருப்பக்கம் போய் நில்லுப்பா, நாங்க சொல்லிக்கறோம்" என்று தம் பள்ளிக்கூடப் பேத்தியை அழைத்துப் படிக்கச் சொன்னார்.

தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. காலை முதல் இரவு வரை பீடி சுற்றிக் குடும்பத்தையே தாங்குகிற பெண்ணுக்கும் அதில் "இல்லத்தரசி" என்று எழுதிவிடுவது எளிய வழக்கம். அப்படி எழுதினால் சொந்த வருமானம் இல்லாதவராகக் கருதப்படுவார்; அவர் எவ்வளவு தொகைக்குக் காப்பீடு பெறலாம் என்பது கணவரின் வருமானத்தையும் பாலிசியையும் பொறுத்ததாகிவிடும். நான் "பீடித் தொழிலாளி" என்றே எழுதுகிறேன். அடையாள அட்டை, கூலிப் புத்தகம் எது இருந்தாலும் நகல் எடுத்து இணைக்கிறேன். கிளை அலுவலகத்தில் சில நேரம் இதற்காக இரண்டு முறை நடக்க வேண்டியிருக்கும். நடக்கலாம். என் தாயாரின் விரல் நுனிகளைப் பார்த்து வளர்ந்தவன், அந்தக் கட்டத்தில் வேறு சொல் எழுத மாட்டேன்.

நோய்களைப் பற்றிய கேள்விகள் இன்னும் சிக்கலானவை. தேநீர்க் கடைக்காரர் ஒருவரிடம் சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டேன். சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே மாத்திரை அட்டை இருந்தது. "இல்லைன்னு போட்டுக்கோ, யார் வந்து பார்க்கப் போறா?" என்றார். இன்ஷூரன்ஸ் சட்டம் 1938-இன் 45-ஆவது பிரிவு இதற்கு விடை சொல்கிறது. பாலிசி தொடங்கி மூன்றாண்டு முடிந்துவிட்டால் எக்காரணம் கொண்டும் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. ஆனால் மூன்றாண்டுக்குள் இறப்பு நேர்ந்தால் நிறுவனம் எல்லாவற்றையும் தோண்டிப் பார்க்கும். மறைத்தது தெரிந்தால் பணம் வராது. அதை எடுத்துச் சொல்லி, "உண்டு என்றே எழுதலாம் அண்ணே, தவணை கொஞ்சம் கூடும்" என்றேன். அவர் வேறொரு முகவரிடம் போய்விட்டார். அன்று நான் குடித்த தேநீருக்கும் காசு வாங்கிக்கொண்டார். இதை என் பெருமைக்காக எழுதவில்லை. நாளை அவர் மனைவி காகிதங்களோடு வந்து நின்றால் நிற்பது என் தெருவில்தான்.

இன்னொரு வேண்டுகோளும் அடிக்கடி வரும். "முதல் தவணையை நீயே கட்டிடு, உனக்குத்தான் கமிஷன் வருதே" என்பார்கள். தரகில் பங்கு கொடுப்பதும் வாங்குவதும் அதே சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி குற்றம். 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

வாரம் இருநூறு ரூபாய்

இனி, இந்தக் கட்டுரை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் பீடி சுற்றுகிறார். வயது 33. கணவர் மண்டியில் மூட்டை தூக்குகிறார், வயது 38. ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. சென்ற மார்ச் மாதத்தில் அவரே என்னை அழைத்தார். "தம்பி, வாரம் இருநூறு ரூபாய் என்னால கட்ட முடியும். பாப்பா பேர்ல ஒரு பாலிசி போட்டுக் குடு" என்றார்.

வாரம் 200 என்றால் ஆண்டுக்கு 10,400. இருபதாண்டு சேமிப்புப் பாலிசி ஒன்றுக்கு, ஏறத்தாழ இரண்டு லட்சம் காப்பீட்டுக்கு, அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும் தொகை. எனக்கு முதலாண்டுத் தவணையில் நான்கில் ஒரு பங்கு, ஏறத்தாழ 2,500 ரூபாய் கிடைக்கும். எனக்கோ அப்போது தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம். மார்ச் மாதமோ முகவர்களின் அறுவடைக் காலம். ஆண்டுக் கணக்கு முடிவதற்குள் இத்தனை பாலிசி என்று இலக்கு. என்னைச் சேர்த்துவிட்ட வளர்ச்சி அதிகாரி நாளுக்கு இரண்டு முறை தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வீட்டில் யார் இல்லாமற் போனால் அடுப்பு அணையும்? குழந்தை அல்ல, கணவரும் அக்காவும்தான். ஆனால் நம் மக்கள் பாசத்தால் குழந்தையின் பெயரிலேயே முதலில் பாலிசி கேட்கிறார்கள். கூரையைத் தாங்கும் தூணை விட்டுவிட்டுத் தொட்டிலுக்குப் பந்தல் போடுவது போன்றது அது.

வங்கிக் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 50 வயது வரையுள்ள எவரும் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் சேரலாம். 2015-இல் தொடங்கியபோது ஆண்டுக்கு 330 ரூபாய். 2022 ஜூன் முதல் 436 ரூபாய். இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். வாரக் கணக்கில் பார்த்தால் ஒன்பது ரூபாய்கூட ஆகாது. விபத்துக்கு மட்டுமான இன்னொரு திட்டம் ஆண்டுக்கு 20 ரூபாய். அதிலும் விபத்து மரணத்துக்கு 2 லட்சம். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்கு அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 250 ரூபாய் போட்டாலும் கணக்கு நடக்கும். அந்த வீட்டுக்கு வேண்டியதெல்லாம் இவற்றிலேயே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. இவற்றில் எதிலும் எனக்கு ஒரு காசு கிடையாது.

மறுநாள் அக்காவிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் பாலிசியையும் மறைக்காமல் சொன்னேன். அதில் எனக்கு வரும் தொகையையும் சொன்னேன். அவருக்கு ஜீவன் ஜோதி பிடிக்கவில்லை. "உயிரோட இருந்தா போட்ட பணம் திரும்பி வராதா? அப்போ வீண்தானே தம்பி?" என்றார்.

"ராத்திரி தெருவுல கூர்க்கா விசில் ஊதிட்டுப் போறாரு. மாசா மாசம் காசு குடுக்கறோம். இந்த மாசம் திருடன் வரல, காசைத் திருப்பிக் குடுன்னு கேக்கறோமா அக்கா?"

அக்கா சிரித்துவிட்டார். கணவர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கிட்ட பேசாம எனக்கு விலை போடறீங்களா?" என்று முறைத்தார். பிறகு மெதுவாக, "என் முதுகு போச்சுன்னா என்ன ஆகும், அதுக்கு எதுனா இருக்கா?" என்று கேட்டார். விபத்தில் ஊனமானால் அந்த 20 ரூபாய்த் திட்டத்தில் தொகை உண்டு, தேய்ந்துபோன முதுகுக்கு எதுவும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் எவரும் பேசவில்லை. மூட்டை தூக்கும் மனிதரின் உண்மையான அச்சம் சாவு அன்று. வேலை செய்ய முடியாமற் போகும் நாள்தான். அதற்கு என் பையில் இருந்த விளம்பரத் தாள்களில் விடை இல்லை. அந்த மௌனம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கடைசியில் இருவரும் வங்கித் திட்டங்களில் சேர்ந்தார்கள். குழந்தைக்குச் செல்வமகள் கணக்குத் தொடங்கினார்கள். கணவர் பெயரில் என் வழியாக ஒரு சிறு பாலிசி எடுத்தார்கள். அதற்கு ஆண்டுத் தவணை 2,400 ரூபாய். எனக்கு வந்தது ஐந்நூறுக்கும் குறைவு. செய்தி கேட்ட வளர்ச்சி அதிகாரி, "நீ பிசினஸ் பண்ண வந்தியா, தர்ம சத்திரம் நடத்த வந்தியா?" என்றார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. அவருக்கும் மேலிருந்து இலக்கு வருகிறது. அவர் வருமானமும் நாங்கள் பிடிக்கும் பாலிசியைப் பொறுத்தது. ஆனால் இலக்குக் குறைந்தால் முகவாண்மை பறிபோகும் என்பதையும் அவர் நினைவூட்டினார். அது வெறும் மிரட்டல் அன்று, விதி அப்படித்தான். தேர்வுக் கட்டணத்தைத் தந்தையார் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டினார். அந்த முன்பணத்துக்காக அவர் நெய்த கூடுதல் நேரத்தை நான் அறிவேன். ஆகவே இந்த முடிவின் செலவு என் கணக்கில் மட்டும் ஏறவில்லை. நேர்மைக்கும் யாரோ தவணை கட்டத்தான் வேண்டியிருக்கிறது.

கையில் வாங்காத காசு

எங்கள் தெருவில் முன்பு ஒரு மூத்த முகவர் இருந்தார். நல்ல மனிதர். வாரக் கூலி வாங்குபவர்களிடம் சனிக்கிழமைதோறும் ஐம்பதும் நூறுமாக வாங்கி நோட்டில் குறித்துக்கொள்வார். தவணை நாளில் மொத்தமாகக் கட்டுவார். எவராவது கொடுக்க முடியாவிட்டால் தம் கையிலிருந்தும் போட்டுக் கட்டுவார். ஒருவர் காசில் இன்னொருவர் தவணை, அவர் காசில் மற்றொருவர் தவணை என்று சக்கரம் சுழன்றது. ஒருமுறை சக்கரம் நின்றது. நான் பதினொன்றாம் வகுப்புப் படித்தபோது ஒரு நெசவாளர் திடீரென்று இறந்தார். பாலிசி எடுத்து இரண்டாண்டுகூட நிறையவில்லை. அரையாண்டுத் தவணை முழுவதையும் அவர் வாராவாரம் கொடுத்து முடித்திருந்தார். ஆனால் அலுவலகத்தில் அது கட்டப்படவில்லை. தவணை நாளுக்குப்பின் தரும் 30 நாள் சலுகையும் கடந்துவிட்டிருந்தது. பணம் வரவில்லை. அந்த முகவர் தெருவில் தலை காட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

இது எங்கள் தெருவில் மட்டும் நடந்ததன்று. இதே போன்ற வழக்கொன்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பாலிசிதாரர் ஒருவரிடம் 1987 ஜூன் மாதம் முகவர் தவணைக்காகக் காசோலை வாங்கிப் பணமாக்கிக்கொண்டார். ஆகஸ்டில் பாலிசிதாரர் விபத்தில் இறந்தார். இறந்த மறுநாள்தான் முகவர் தவணையைக் கட்டினார். தவணை வாங்க முகவருக்கு அதிகாரம் இல்லை. ஆகவே முகவரிடம் கொடுத்தது நிறுவனத்திடம் கொடுத்ததாகாது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவணை வசூலிக்கத் தனி அனுமதி பெற்ற முகவர்கள் இன்று உண்டு. மற்றவர் கையில் கொடுக்கும் காசுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. இதை அறிந்த பாலிசிதாரர் ஒருவரைக்கூட நான் இன்னும் எங்கள் தெருவில் சந்திக்கவில்லை.

ஆனால் சனிக்கிழமை கூலி வாங்கும் வீட்டிலிருந்து மூன்று மாதத் தவணையை ஒரே நாளில் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. நான் ஒரு வழி கண்டேன். திருவிழாக் கடையில் விற்கும் தகர உண்டியல் ஒன்றை வீட்டுக்கு வீடு வாங்கிக் கொடுத்தேன். மூடியில் தாள் ஒட்டி இரண்டு நாட்களை எழுதினேன்: ஒன்று பாலிசியின் தவணை நாள், மற்றொன்று மே மாதம் 20. ஜீவன் ஜோதித் தொகை மே மாதக் கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும். அப்போது கணக்கில் பணம் இல்லையென்றால் ஜூன் முதல் காப்பு இல்லை. உண்டியல் அவர்கள் வீட்டிலேயே இருக்கும். தவணை நாளில் அவர்கள் முன்னாலேயே திறந்து எண்ணுவோம். காசை வங்கியில் போட்டு அவர்கள் தொலைபேசியிலேயே தவணை கட்டுவார்கள். அல்லது என்னோடு கிளைக்கு வந்து ரசீது வாங்குவார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுத் தவணைக்குச் சரக்கு சேவை வரி இல்லை. அதையும் ரசீதில் பார்க்கச் சொல்லிக் காட்டுகிறேன். இதுவரை பதினேழு உண்டியல்கள் கொடுத்திருக்கிறேன். இரண்டு வீட்டில் திருவிழாச் செலவுக்கு உடைத்துவிட்டார்கள். பதினைந்து பத்திரமாக இருக்கின்றன.

நண்பர்களுக்கு

இந்த வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டால், ஒரே சொல்லில் விடை சொல்ல இயலவில்லை. கூச்சம் போய்விட்டது. மக்கள் எதற்கு அஞ்சுகிறார்கள், எதைச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். கணிதத்தில் ஓர் எண்ணாக வரும் இறப்பு விகிதத்துக்குப் பின்னால் ஒரு வாசல், ஒரு தறி, ஒரு முறம் இருப்பதைப் பார்த்துவிட்டேன். இலக்கும் மனச்சான்றும் ஒரே நாளில் வந்து நிற்கும்போது இரண்டுக்கும் இடையில் நடப்பது எளிதன்று என்பதையும் அறிந்தேன். வரும் மார்ச்சில் என் முகவாண்மை நிலைக்குமா என்பது எனக்கே தெரியாது. நிலைத்தால் தொடர்வேன்.

நண்பர்களிடம் பாலிசி கேட்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். ஒரு சிறு வேலை மட்டும் தருகிறேன். நம்மில் பலர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நாம்தான். அப்படியானால், வீட்டுப் பெட்டியில் மஞ்சள் பைக்குள் மடித்து வைத்திருக்கும் பாலிசிப் பத்திரத்தைப் படித்துச் சொல்லக்கூடிய முதல் ஆளும் நாம்தான். இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனதும் அதை எடுத்துப் பாருங்கள். யார் உயிருக்கு எடுத்திருக்கிறார்கள்? கடைசித் தவணை எப்போது கட்டியிருக்கிறது? அதற்கு ரசீது எங்கே? வாரிசுதாரர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது? மணமாகும் முன் எடுத்த பாலிசியில் தாயின் பெயரை எழுதிவிட்டு, மணத்துக்குப்பின் மாற்ற மறந்தவர்கள் பலர். வீட்டில் 50 வயதுக்குட்பட்டவர்கள் ஜீவன் ஜோதியில் சேர்ந்திருக்கிறார்களா? மே மாதக் கடைசியில் கணக்கில் 436 ரூபாய் இருக்குமா?

பாலிசி காலாவதியாகியிருந்தாலும் மனம் தளர வேண்டாம். கட்டாமல் விட்ட முதல் தவணை நாளிலிருந்து பொதுவாக ஐந்தாண்டுகளுக்குள் நிலுவையையும் வட்டியையும் கட்டிப் புதுப்பிக்கலாம். எப்படி என்று தெரியாவிட்டால் மாலை நான்கரை மணிக்கு மிதிவண்டி நிறுத்தும் கொட்டகைப் பக்கம் வாருங்கள். பத்திரத்தையும் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம். அதற்குத் தரகு இல்லை.